கல்லுக்காகச் சுரப்பியையே வெட்டும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

கொங்கு மண்டலத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும், வாய் முகத்தாடை அறுவை மருத்துவர்களுக்கும்:

என் அக்காவின் தாடைக்கு அடியில் இருந்த உமிழ்நீர்ச் சுரப்பியை, அதன் குழாயில் அடைத்திருந்த ஒரு கல்லுக்காக ஒரு மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். வேறு வழி இருந்ததா, இருந்திருந்தால் எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எழுதிக் கேட்டோம். போன மாதம் பதில் வந்தது. "நிலையான சிகிச்சை முறையே பின்பற்றப்பட்டுள்ளது." அவ்வளவுதான், ஒரே வரி. அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த மருத்துவமனையின் பெயரையோ டாக்டரின் பெயரையோ எழுதப்போவதில்லை. அவர் நல்லபடியாகத்தான் அறுவை செய்தார், தையலும் சுத்தமாக ஆறியது. என் கேள்வி அவர் கத்தி பிடித்த விதத்தைப் பற்றி இல்லை. கத்தியை எடுக்கும் முன் எங்களிடம் பேசாமல் விட்டதைப் பற்றி.

அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் வேலை, ஈஎஸ்ஐ பிடித்தம் கிடையாது. அவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இடது தாடைக்கு அடியில் வீங்கும். டிபன் டப்பாவைத் திறந்து அரிசிம்பருப்புச் சோற்றில் இரண்டு வாய் வைப்பதற்குள் அந்த இடம் புடைத்து, தொட்டால் உருண்டையாகத் தட்டுப்படும். ஊறுகாயை நாக்கில் வைத்தால் காது வரைக்கும் இழுக்கும். ஒரு மணி நேரம் போனால் தானே வடிந்துவிடும். வடியும்போது நாக்குக்கு அடியில் உப்புக்கரிக்கிற மாதிரி ஏதோ ஊறும் என்பாள். கம்பெனியில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற நாளிலும் மத்தியானம் டீயும் பன்னும்தான்.

பக்கத்து வீட்டு ஆத்தா பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டார். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் தின்றாள். ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வீக்கம் போகவில்லை. ஆத்தா சொன்னதை விட்டுவிடுங்கள், படித்தவர்களைக் கேட்கிறேன்: சாப்பிட்டால் வீங்குகிறது, அப்புறம் வடிகிறது என்று ஒரு ஆள் சொன்னால், உமிழ்நீர்க் குழாயில் அடைப்பு என்று முதலில் சந்தேகப்பட வேண்டாமா? மருத்துவப் பாடப் புத்தகத்தில் இந்த நோய்க்கு முதல் அடையாளமே அதுதானே? தாலுகா ஊர்களில்கூட இன்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இருக்கிறது. அந்த ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்க ஒருவர் கிடைப்பதற்குள் அவள் முகம் பாதியாகிவிட்டது.

ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் குழாயில், முன்பகுதியில் என்று தாளில் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சுரப்பி கெட்டுப்போச்சும்மா. எடுத்துடலாம்."

"கல்லை மட்டும் எடுக்க முடியாதுங்களா டாக்டர்?"

"எடுத்தா மறுபடியும் வரும். சுரப்பியையே எடுத்துட்டா பிரச்சினையே இல்லை. வாயில் இன்னும் எத்தனையோ சுரப்பி இருக்கு."

பேச்சு முடிந்தது. சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. நர்ஸ் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இப்போது கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதடுதான் பிரச்சினை. கீழுதட்டின் இடது ஓரத்தை இறக்குகிற நரம்பு தாடை எலும்பை ஒட்டி, இந்த அறுவை நடக்கும் இடத்துக்கு மேலேயே ஓடுகிறது. அது இழுபட்டாலோ நசுங்கினாலோ சிரிக்கும்போது உதடு கோணும், தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும். அக்காவுக்கு இரண்டும் வந்தது. டெய்லர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி மாற்றியதும் நூல் முனையை உதட்டிடுக்கில் வைத்து இழுத்து ஈரமாக்கி, முறுக்கி, ஊசிக்காதில் விடுவார்கள். அவள் எப்போதும் இடது ஓரத்தில்தான் வைப்பாள், வலது கை மிஷினை விட்டு நகர வேண்டாம் என்று. உதடு பிடிக்காததால் நூல் நழுவிக் கீழே விழுந்தது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அது காசு. பாதிப் பேருக்கு மேல் இது மாதக்கணக்கில் சரியாகிவிடும் என்று தெரிந்துகொண்டோம், அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சரி. ஆனால் இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதை அறுவைக்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்துத்தானா நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

சிறுநீரகத்தில் கல் என்று நம் ஊரில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். கல்லுக்காகக் கிட்னியை எடுத்துவிடலாம் என்று யாராவது எடுத்த எடுப்பில் சொல்வார்களா? சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? வாய்க்குள் இருக்கும் கல்லுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் கிடையாது?

நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். இருந்தும் அக்காவின் உதட்டைப் பார்த்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த டாக்டர்களைக் கேட்டேன். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். உமிழ்நீர்க் கல்லில் 100-க்கு 80-க்கு மேல் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்தான் வருகிறது. அங்கே ஊறும் உமிழ்நீர் கெட்டி, சுண்ணச்சத்து அதிகம். குழாய் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம், அதுவும் கீழிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். மிச்சம் பெரும்பாலும் காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் சுரப்பியில். கல்லே இல்லாமல் குழாய் சுருங்கிப் போயும் அடைக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும், அடிக்கடி கன்னம் வீங்கும் சில குழந்தைகளுக்கும் அடைப்பு வருகிறது.

சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பதில் பெரும்பங்கு தாடைக்கு அடியில் இருக்கும் இந்தச் சுரப்பிகளுடையது. ஒன்று போனால் மற்றவை பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடைப்பை எடுத்துவிட்டால் வீங்கிக் கெட்டுப்போனதாகத் தெரியும் சுரப்பியே பல பேருக்குத் திரும்ப வேலை செய்கிறது என்பதும் உண்மை. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. "கெட்டுப்போச்சு" என்ற ஒரு சொல்லோடு கதையை முடித்துவிட்டார்கள்.

அக்காவின் அறுவை முடிந்து கொஞ்ச காலத்தில் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, எனக்கு நங்கையா, அதே வீக்கம் வந்தது. தாராபுரத்துப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். இந்த முறை நாங்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். சயலெண்டோஸ்கோப்பி என்று ஒன்று செய்தார்கள். நாக்கைத் தூக்கினால் அடியில் நடுவில் இருக்கும் சவ்வு மடிப்புக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது, அதுதான் குழாயின் வாய். அதை மெல்லிய கம்பிகளால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, உப்புநீரைச் செலுத்திக்கொண்டே போய், கல்லைக் கம்பிக்கூடையில் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். கழுத்தில் கத்தியே படவில்லை. உள்ளே விட்ட தண்ணீரால் தாடை இரண்டு நாள் உப்பியிருந்தது, அப்புறம் வடிந்துவிட்டது. கல்லை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சளாய், ஒரு பக்கம் சொரசொரவென்று, 4 மில்லிமீட்டர். நங்கையா அதை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு" என்றார்.

அந்த டாக்டரிடம் அக்காவின் பழைய ஸ்கேன் படத்தைக் காட்டினேன். இன்னொரு டாக்டர் செய்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, பேசவும் மாட்டார். ஆனால் கல் இருந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். நாக்குக்கு அடியில், வாயைத் திறந்தால் விரலுக்கு எட்டும் இடம்.

இங்கேதான் உங்களில் பலர் சொல்லும் பதிலை எடுத்துக்கொள்கிறேன்: "அந்தக் கருவி எங்களிடம் இல்லை." உண்மையாக இருக்கலாம். லட்சக்கணக்கில் விலை, எளிதில் வளைந்து கெட்டுவிடும், பழகக் காலம் பிடிக்கும். ஆனால் குழாயின் முன்பகுதியில், கைக்குத் தட்டுப்படும் இடத்தில் கல் இருந்தால் எண்டோஸ்கோப்பியே தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே குழாயின் மேல் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். இது புதிதாய் வந்த வித்தை இல்லை. உங்கள் ஆசிரியர்களுக்கும் தெரிந்த பழைய முறை. நாக்கு நரம்பைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தவிர, சாதாரண அறுவை அரங்கில் இருக்கும் கருவிகளே போதும். அக்காவுக்கு அதையாவது யோசித்தார்களா என்று கேட்டால், "நிலையான சிகிச்சை முறை."

எது நிலையானது? எண்டோஸ்கோப்பிக் கருவியும் நேற்று வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்திலேயே பாரிசில் பிலிப் காட்ஸ் என்ற மருத்துவர் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக ஐந்து மையங்கள், 1990 முதல் 2004 வரை சுரப்பியை எடுக்காத முறைகளில் சிகிச்சை பெற்ற 4,691 கல் நோயாளிகளின் முடிவுகளைச் சேர்த்து 2009-இல் வெளியிட்டன. அதிர்வலையால் கல்லை உடைப்பது, எண்டோஸ்கோப்பி, கூடை, வாய்வழிக் கீறல் எல்லாம் அதில் அடக்கம். 80.5 சதவீதம் பேருக்குக் கல் முழுசாக வந்துவிட்டது. 16.7 சதவீதம் பேருக்கு ஒரு பகுதி மட்டும் வந்தது. கடைசியில் சுரப்பியை எடுக்க வேண்டி வந்தது 2.9 சதவீதம் பேருக்கு மட்டும். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, எண்டோஸ்கோப்பி மட்டும் செய்தால் 86 சதவீதம், அதோடு சிறு கீறலும் சேர்த்தால் 93 சதவீதம் வெற்றி என்கிறது. 100 பேரில் மூன்று பேருக்குத் தேவைப்பட்ட அறுவையை முதல் வழியாக எங்கள் முன் வைத்தீர்கள். அடுத்த வழி என்று ஒன்று இருப்பதாகக்கூடச் சொல்லவில்லை.

எண்டோஸ்கோப்பி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கூடையில் நேராகப் பிடிக்க வருவது தாடைச் சுரப்பியில் 4 மில்லிமீட்டர், கன்னத்துச் சுரப்பியில் 3 மில்லிமீட்டர் வரைக்கும்தான் என்கிறார்கள். அதற்கு மேல் போனால் லேசரால் உடைக்க வேண்டும், அல்லது கீறலும் சேர வேண்டும். சுரப்பியின் உள்சதைக்குள் புதைந்த கல் சில நேரம் வரவே வராது. குழாய் சுருங்கியவர்களுக்கும், கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும், வாயையும் கண்ணையும் வறளவைக்கும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கும் விரித்துக் கழுவிவிட்டால் வீக்கம் குறையும், முற்றிலும் போய்விடும் என்று சொல்ல முடியாது, திரும்பவும் வரலாம். கருவி பட்டே குழாய் சுருங்கிப்போகவும் வாய்ப்புண்டு. சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல் ஒரே கட்டியாக நிற்கும் வீக்கம் என்றால் அது வேறு கதை. அதற்கு ஊசிப் பரிசோதனை செய்து கேன்சர் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும், அங்கே சுரப்பியை எடுப்பதுதான் சரியாகவும் இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் எங்களிடம் சொன்னால் எங்களுக்குப் புரியும். ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை மஞ்சள் தேறும், இந்த வருஷம் விலை நிற்குமா விழுமா என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குகிற ஜனங்கள் நாங்கள். 86-க்கும் 93-க்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பது எங்களுக்குத் தெரியாமல் போகாது.

சொல்வது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிகிச்சை என்ன, எதற்காக, அதில் என்ன ஆபத்து, மாற்று வழி ஏதேனும் உண்டா என்பதையெல்லாம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். அந்த வழக்கே, பரிசோதனைக்குப் போன பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் வந்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. அக்காவின் கோப்பை வாங்க நாங்கள் நடந்த நடையை வைத்துப் பார்த்தால், ரெக்கார்டு ரூமில் அந்த விதியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுரப்பியை எடுக்கும் அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுபடியானது, அனுமதியும் சீக்கிரம் வந்தது. நங்கையாவின் எண்டோஸ்கோப்பிக்குக் காப்பீட்டு மேசையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்து "லிஸ்ட்ல பேர் வரலைங்க" என்றார்கள். அதை எழுத்தில் தாருங்கள் என்றோம், தரவில்லை. ஒன்றரைப் பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. அடகு வைக்கச் சங்கிலி இல்லாத வீட்டுக்காரர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள்? தேர்ந்தெடுக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இனி உங்களிடம் கேட்பது.

முதலில், உமிழ்நீர்க் கல்லோ குழாய் அடைப்போ இருக்கும் யாருக்கும் சுரப்பியை எடுக்கத் தேதி குறிக்கும் முன், கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர், வாய்வழியாகவோ எண்டோஸ்கோப்பியாலோ எடுக்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உதடு, நாக்கு நரம்புகளுக்கு வரக்கூடிய பாதிப்பும் அதே தாளில் இருக்கட்டும். சம்மதப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வர ஒரு நாளாவது கொடுங்கள். இது உயிர் போகிற அவசரம் இல்லை.

உங்களிடம் கருவி இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, இருக்கும் இடத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அதனால் உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை குறையாது. கோயம்புத்தூர், சேலம், பெருந்துறை, கரூர், திருப்பூர், நாமக்கல் என்று நம் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இத்தனை இருக்கின்றன. எல்லாவற்றிலும் இந்தக் கருவி வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு கல்லூரியில் கருவியும் அதில் நன்றாகப் பழகிய ஒரு குழுவும் இருந்து, மற்ற ஊர்க்காரர்கள் அங்கே அனுப்பினால் போதும். கையில் நோயாளிகள் சேரச் சேரத்தான் கை பழகும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் கோரிக்கையை அரசிடம் எழுப்ப வேண்டியது நீங்கள்தான். எங்கள் மனுவைவிட உங்கள் சங்கங்களின் கடிதத்துக்கு எடை அதிகம்.

பல் மருத்துவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும், சாப்பிடும்போது வீங்கும் தாடையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஒரு மத்தியானம் ஒதுக்கி வகுப்பு எடுங்கள். கல் சின்னதாக இருக்கும்போதே அனுப்பிவிட்டால் கூடையே போதும்.

அப்புறம், உங்கள் முடிவுகளைக் காட்டுங்கள். ஐரோப்பாவின் 80.5-ஐ நான் ஏன் தேடிப் படிக்க வேண்டும்? இங்கே, உங்கள் கையால், போன வருஷம் எத்தனை பேருக்கு அடைப்பு எடுத்தீர்கள், எத்தனை பேருக்குச் சுரப்பி தங்கியது, ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டால் எத்தனை பேர் வீக்கம் இல்லாமல் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு உதடு கோணியது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும்.

காப்பீட்டுத் திட்டப் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: சுரப்பியை விட்டுவைத்துக் கல்லை எடுக்கும் சிகிச்சைக்கு, வாய்வழிக் கீறலோ எண்டோஸ்கோப்பியோ, அட்டை எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்ற பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள். செல்லாதென்றால் சேருங்கள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் மேசைகள் காரணத்தைக் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்.

கடைசியாக, எங்களுக்கு அந்த ஒருவரிப் பதிலை அனுப்பியவர்களுக்கு. அக்காவுக்கு வாய்வழியாகக் கல்லை எடுக்கும் முறை ஏன் பொருந்தாது என்று முடிவு செய்தீர்கள், அதைக் கோப்பில் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று பக்க எண்ணோடு எழுதி அனுப்புங்கள். எங்கள் முகவரி உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நொய்யல் கரையோர ஊர் ஒன்றிலிருந்து, அந்த டெய்லரின் தங்கை